அமெரிக்காவின் பெருவியூகங்கள்: எது எதோடு மோதுகிறது? படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஜூலையில், ஜெர்மனியில் இருக்கும் தன் படையில் ஏறத்தாழ 12,000 பேரை அங்கிருந்து வெளியேற்றப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. ஏழு மாதம் கழித்து, புதிதாகப் பதவிக்கு வந்த பைடன் அதை நிறுத்திவைத்தார். நம் செய்திகளில் இது டிரம்ப்பின் கோபம், பைடனின் சமாதானம் என்ற அளவில்தான் வந்தது. ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் முக்கால் நூற்றாண்டாக ஓயாமல் நடக்கும் ஒரு வாதம் இருக்கிறது. கடல் தாண்டி இன்னொரு கண்டத்தில் அமெரிக்கச் சிப்பாய் நிற்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் அந்த வாதம்.

இந்தக் கேள்விக்கு வரும் வெவ்வேறு பதில்களைத்தான் பெருவியூகங்கள் என்கிறோம். தன் பாதுகாப்புக்கு எது ஆபத்து என்று ஒரு நாடு நினைக்கிறது, அதைத் தடுக்கப் படை, பணம், நட்பு நாடுகள், ராஜதந்திரம் எல்லாவற்றையும் எப்படி ஒரே நோக்கில் இணைக்கிறது என்பதே பெருவியூகம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், உலகச் செய்திகளை ஆர்வத்தோடு பின்தொடர்பவர்களுக்கும் இந்த வாதத்தின் உள்ளே போக ஒரு வழி வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படியுங்கள். நான்காம் படியும் ஆறாம் படியும்தான் உயிர்நாடி. அங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

படி 1: நான்கு கேள்விகளோடு தொடங்குங்கள்

அமெரிக்கத் தலைவர் ஒருவரின் உரையோ, நிபுணர் ஒருவரின் கட்டுரையோ கையில் கிடைத்தால் இவற்றைக் கேளுங்கள். இவர் எதைக் கண்டு அஞ்சுகிறார்? உலகின் எந்தப் பகுதிக்காக அமெரிக்க உயிர்களைப் பணயம் வைக்கலாம் என்கிறார்? முதலில் எதைக் கையில் எடுப்பார்: படையையா, பணத்தையா, கூட்டணியையா, சர்வதேச அமைப்புகளையா? இதற்கெல்லாம் யார், எவ்வளவு விலை கொடுப்பது?

நான்காவது கேள்வியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். வியூகங்களுக்குள் உண்மையான பிளவு அங்கேதான் தெரியும்.

குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. போர் வேண்டும் என்பவர், வேண்டாம் என்பவர் என்ற பிரிவினையும் ஏமாற்றும். 2002 செப்டம்பரில், இராக் மீது போர் தொடுப்பது அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 33 அறிஞர்கள் கையெழுத்திட்டு விளம்பரம் கொடுத்தார்கள். அவர்களில் ஜான் மியர்ஷைமர், ஸ்டீபன் வால்ட் போன்றவர்கள் அமைதி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதிகாரப் போட்டிதான் உலக அரசியலின் அடிப்படை என்று வாதிடும் யதார்த்தவாதிகள். அவர்கள் எதிர்த்தது அந்தப் போரை மட்டுமே. எல்லாப் போரையும் அல்ல.

படி 2: வரைபடத்தை விரித்துவையுங்கள்

அமெரிக்காவுக்கு இருபுறமும் பெருங்கடல். வடக்கிலும் தெற்கிலும் சமபலம் கொண்ட எதிரி இல்லை. இவ்வளவு பாதுகாப்பான இடத்தில் வேறெந்த வல்லரசும் அமைந்ததில்லை. அப்படியானால் வெளியே போக வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

யூரேசியாவிலிருந்து. ஐரோப்பாவின் தொழிற்சாலைகளும் கிழக்கு ஆசியாவின் துறைமுகங்களும் மனித வளமும் ஒரே வல்லரசின் கைக்குள் போய்விட்டால், கடல் மட்டும் காப்பாற்றாது என்ற அச்சம் அது. 1941-இல் ஜெர்மனியும் ஜப்பானும், 1947-இல் சோவியத் யூனியனும் இந்த அச்சத்தின் முகமாக இருந்தன. இன்று சீனா. ஒரு சிலரைத் தவிர எல்லா முகாம்களுக்கும் இந்த அச்சம் பொதுவானது. தீர்வில்தான் சண்டை.

ஜார்ஜ் கென்னன் என்ற ராஜதந்திரி 1948 வாக்கில் இதைத் துல்லியமாக வகுத்தார். நவீனப் போருக்கான தொழில் வலிமை உலகில் ஐந்து இடங்களில்தான் இருக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், ரைன் நதிப் பகுதியை ஒட்டிய ஜெர்மனி, சோவியத் யூனியன், ஜப்பான். இவற்றில் ஒன்றுதான் எதிரியிடம் இருக்கிறது. மற்ற நான்கும் அங்கே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பின்னால் எண்ணெய் காரணமாகப் பாரசீக வளைகுடாவும் சேர்ந்தது. வளைகுடாவை வெளிச்சக்தி ஒன்று கைப்பற்ற முயன்றால் படையால் தடுப்போம் என்று 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் அறிவித்தார். ஆக ஐரோப்பா, கிழக்கு ஆசியா, வளைகுடா என்று மூன்று பகுதிகள். தெற்காசியா இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

படி 3: 1796 முதல் 1941 வரை வேகமாகக் கடந்து வாருங்கள்

ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் விடைபெறும்போது, வெளிநாடுகளோடு நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்று எழுதிவைத்தார். 1821 ஜூலை 4 அன்று, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடி அமெரிக்கா வெளிநாடு போவதில்லை என்றார். 1823-இல் மன்ரோ கோட்பாடு வந்தது: அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர்கள் புதிதாகக் காலனி அமைக்கக் கூடாது.

இதை அமைதிக் காலம் என்று நினைத்துவிடக் கூடாது. இதே அமெரிக்காதான் 1846–48 போரின் முடிவில் மெக்சிகோவின் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்டது. 1898-இல் ஸ்பெயினைத் தோற்கடித்துப் பிலிப்பைன்ஸை வைத்துக்கொண்டது. அது ஒதுங்கியிருந்தது ஐரோப்பாவின் சண்டைகளிலிருந்து மட்டும்தான்.

முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் உட்ரோ வில்சன், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்க செனட் 1919-லும் 1920-லும் அதை நிராகரித்தது. எதிர்த்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ஹென்றி காபட் லாட்ஜ் ஒதுங்கியிருக்கச் சொன்னவர் அல்லர். எங்கே எப்போது போர் மூண்டாலும் அமெரிக்கா வர வேண்டும் என்ற வரம்பற்ற கடமையைத்தான் அவர் ஏற்க மறுத்தார். இந்த ஆட்சேபம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் லாட்ஜின் குரலைக் கேட்கலாம். 1930-களில் நடுநிலைச் சட்டங்கள் வந்தன. 1940-இல் 'அமெரிக்கா முதலில்' என்ற பெயரிலேயே ஒரு குழு, போரில் சேரக் கூடாது என்று இயக்கம் நடத்தியது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அது கலைந்தது.

படி 4: பனிப்போருக்குள் நடந்த சண்டையைப் படியுங்கள்

பனிப்போரில் அமெரிக்கா 'கட்டுப்படுத்தும் கொள்கை'யைப் பின்பற்றியது என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வியூகங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. இதைப் புரிந்துகொண்டால் பிற்கால விவாதங்கள் எல்லாம் எளிதாகிவிடும்.

1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோ தூதரகத்திலிருந்து கென்னன் 5,000 சொற்களுக்கு மேல் நீண்ட ஒரு தந்தியை அனுப்பினார். சோவியத் யூனியன் விரிவடையப் பார்க்கும், ஆனால் அவசரப்படாது. எதிர்ப்பு பலமாக இருந்தால் பின்வாங்கும் என்பது அவர் கணிப்பு. பொறுமையாக, உறுதியாகத் தடுத்து நின்றால் அந்த அமைப்பு உள்ளிருந்தே மாறும் அல்லது தளரும் என்று அடுத்த ஆண்டு எழுதினார். அவர் முக்கியமாக நினைத்த கருவி பணமும் அரசியலும். மார்ஷல் திட்டத்தில் 1948 முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது. தொழிற்சாலை ஓடினால், வீட்டில் உணவு இருந்தால், கம்யூனிஸ்ட் கட்சிகள் ஆட்சிக்கு வரமாட்டா என்ற கணக்கு அது.

ஆனால் 1947 மார்ச்சில், கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தின் முன் நின்ற அதிபர் ட்ரூமன், எங்கெல்லாம் சுதந்திர மக்கள் மிரட்டப்படுகிறார்களோ அங்கெல்லாம் உதவுவோம் என்ற பொருளில் பேசிவிட்டார். ஐந்து மையங்கள் என்ற எல்லை அந்த வாக்கியத்தில் இல்லை. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் உடனே எச்சரித்தார்: இப்படிப் போனால் எதிரி தேர்ந்தெடுக்கும் இடத்தில் எல்லாம் நாம் போய் நிற்க வேண்டும், பலவீனமான அரசுகளை எல்லாம் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் எழுதியதை வியட்நாமோடு சேர்த்துப் படித்தால் மனம் கனக்கிறது. அங்கே 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் பல லட்சம் வியட்நாமியரும் இறந்தார்கள்.

1950 தொடக்கத்தில் வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டக் குழுவில் கென்னனின் இடத்துக்குப் பால் நிட்ஸ வந்தார். அவர் தலைமையில் ஏப்ரலில் தேசியப் பாதுகாப்புக் குழுவுக்காகத் தயாரான ஆவணம்தான் என்எஸ்சி-68. உலகின் எந்த மூலையில் தோற்றாலும் அது எல்லா இடத்திலும் தோற்றதற்குச் சமம் என்ற பார்வை அதில் ஓடுகிறது. ராணுவத்தைப் பெரிதாக வளர்க்கச் சொன்னது. செலவுக்கு அஞ்சி ட்ரூமன் தயங்கினார். ஜூன் 25 அன்று வடகொரியா எல்லை தாண்டியது, தயக்கம் போய்விட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலராக இருந்த ராணுவச் செலவு மூன்றே ஆண்டில் 5,000 கோடியை ஒட்டிப் போனது.

முக்கியமான இடங்களை மட்டும் காப்பது ஒன்று. முழு எல்லைக்கோட்டையும் காப்பது இன்னொன்று. இந்தப் பிளவை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த ஐசன்ஹோவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1952 தேர்தலில் அவர் கட்சி, கட்டுப்படுத்தும் கொள்கை கோழைத்தனம் என்றும், கிழக்கு ஐரோப்பாவை விடுவிக்க வேண்டும் என்றும் முழங்கியிருந்தது. வென்ற பிறகு, 1953 கோடையில், மூன்று குழுக்களை அமைத்தார். வெள்ளை மாளிகையின் சோலாரியம் அறையில் அந்த யோசனை பிறந்ததால் அதற்கு சோலாரியம் திட்டம் என்றே பெயர் வந்தது. முதல் குழு கட்டுப்படுத்தும் கொள்கைக்காக வாதாட வேண்டும். இரண்டாவது குழு, ஒரு கோடு போட்டு, தாண்டினால் அணு ஆயுதப் போர் என்று மிரட்டும் வழிக்காக வாதாட வேண்டும். மூன்றாவது குழு, சோவியத் பிடியைப் பின்னுக்குத் தள்ளும் வழிக்காக. ஒவ்வொரு குழுவும் தன் தரப்பைப் பலமாக, செலவுக் கணக்கோடு எழுத வேண்டும். முதல் குழுவுக்குத் தலைவர் யார் என்றால், புதிய அரசில் இடம் கிடைக்காமல் ஒதுக்கப்பட்டிருந்த அதே கென்னன்.

ஜூலையில் மூன்று குழுக்களும் அதிபர் முன் வாதிட்டன. ஐசன்ஹோவர் பெரும்பகுதி முதல் குழுவின் பக்கம் போனார். செலவைக் குறைக்க, இரண்டாம் குழுவின் அணு ஆயுத மிரட்டலைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வழி பேச்சில் மட்டும் நீடித்தது. 1956-இல் ஹங்கேரியர்கள் சோவியத் பிடிக்கு எதிராக எழுந்தபோது அமெரிக்கப் படை வரவில்லை. விடுதலைப் பேச்சை நம்பியவர்கள் புடாபெஸ்ட் தெருக்களில் இறந்தார்கள். ஒரு வியூகத்தைக் கைவிட்ட பிறகும் அதன் சொற்களை மட்டும் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

படி 5: 1991-க்குப் பிறகு வந்த முகாம்களைப் பிரித்தறியுங்கள்

சோவியத் யூனியன் மறைந்ததும், யாரைக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வியே காணாமல் போனது. பாரி போசன், ஆண்ட்ரூ ராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களின் நடுவில் நடந்த வாதங்களை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் அந்தப் பிரிப்பு உதவுகிறது. இன்றைய நிலைக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, முதன்மை நிலையைக் காக்கும் வியூகம். அமெரிக்காவுக்குச் சமமாக எவரும் வளரவே கூடாது என்பது இதன் அச்சமும் இலக்கும். 1992 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் பாதுகாப்புத் திட்ட வழிகாட்டி ஒன்றின் வரைவு நியூயார்க் டைம்ஸில் கசிந்தது. டிக் செனி பாதுகாப்பு அமைச்சர்; அவருக்குக் கீழ் பால் உல்போவிட்ஸின் அலுவலகத்தில் தயாரானது. புதிய போட்டியாளர் உருவாகாமல் தடுப்பதே முதல் நோக்கம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. நண்பர்கள்கூடத் தனி ராணுவ வல்லரசாக ஆசைப்படத் தேவையில்லை என்ற தொனி அதில் இருந்தது. கூச்சல் எழுந்ததும் வாசகங்களை மென்மையாக்கினார்கள். பத்தாண்டு கழித்து அதே ஆட்கள் பெரிய பதவிகளில் இருந்தபோது, ஆபத்து முழுதாக உருவாகும் முன்பே தாக்கலாம் என்று 2002 செப்டம்பர் பாதுகாப்பு வியூக ஆவணம் சொன்னது. 2003-இல் இராக். ஏறத்தாழ 4,500 அமெரிக்கச் சிப்பாய்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியக் குடிமக்களும் உயிரிழந்தார்கள். சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இந்த வியூகத்தின் தோல்விக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

இரண்டாவது, தாராளவாத சர்வதேசியம். வில்சனின் வாரிசு. ஜனநாயகங்கள் பெருகினால், வணிகம் திறந்தால், ஐ.நா., நேட்டோ, உலக வர்த்தக அமைப்பு போன்றவை பலமாக இருந்தால் அமெரிக்கா பாதுகாப்பாக இருக்கும் என்பது இதன் நம்பிக்கை. கிளிண்டன் அரசின் பாதுகாப்பு ஆலோசகர் ஆண்டனி லேக் 1993-இல், கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக இனி ஜனநாயக வட்டத்தை விரிவாக்குவோம் என்றார். 1999-இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. இதை 1997-லேயே பெரும் பிழை என்று எழுதி எதிர்த்தவர், 90-ஐத் தாண்டிய அதே கென்னன்.

நடைமுறையில் இந்த இரண்டு முகாம்களையும் பிரிப்பது கடினம். இரண்டும் பெரிய ராணுவம் கேட்கின்றன. இரண்டும் கூட்டணிகளை விரிவாக்குகின்றன. ஒன்று தனியாகவும் போகத் தயார், மற்றொன்று துணையோடு போக விரும்பும்.

மூன்றாவது, தேர்ந்தெடுத்த ஈடுபாடு. இரண்டாம் படியில் பார்த்த மூன்று பகுதிகளில் மட்டும் படையோடு இருப்பது, மற்றவற்றில் தள்ளி நிற்பது. 1991-இல் இராக்கிடமிருந்து குவைத்தை மீட்ட அதிபர் மூத்த புஷ் பாக்தாதுக்குள் போகாமல் நிறுத்தினார். இந்த வியூகத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நான்காவது, தன்னடக்கம். இதன் ஒரு வடிவம்தான் கரைக்கு அப்பால் நின்று சமன் செய்தல். அங்கங்கே உள்ள நாடுகளே முதலில் தங்கள் பக்கத்து வல்லரசைத் தடுக்கட்டும்; அவர்களால் முடியாதபோது மட்டும் அமெரிக்கா கடல் கடந்து வரட்டும் என்பது இதன் சாரம். 1980-களின் வளைகுடாவை இவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். இரானும் இராக்கும் எட்டு ஆண்டுகள் போரிட்டன. அமெரிக்கா பெரும் தரைப்படையை இறக்காமல் இராக் பக்கம் சாய்ந்து, யாரும் வளைகுடாவை ஆளாதபடி பார்த்துக்கொண்டது. குவைத் விழுந்த பிறகே படையை அனுப்பியது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. 'சமநிலை' என்று இவர்கள் அமைதியாகச் சொல்வதன் அடியில் பல லட்சம் இரானிய, இராக்கிய இளைஞர்களின் சாவு இருக்கிறது. தன்னடக்கம் அமெரிக்காவுக்கு மலிவு. மற்றவர்களுக்கும் மலிவாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

'அமெரிக்கா முதலில்' எங்கே பொருந்தும் என்று கேட்பீர்கள். எந்தப் பெட்டியிலும் முழுதாகப் பொருந்தாது. நட்பு நாடுகள் செலவைப் பகிரட்டும் என்பதில் தன்னடக்கத்தோடு சேர்கிறது. ராணுவச் செலவை உயர்த்துவதில் முதன்மை வியூகத்தோடு சேர்கிறது. சர்வதேச அமைப்புகள் மீதான வெறுப்பு அதற்கே உரியது. 2025 இறுதியில் வந்த பாதுகாப்பு வியூக ஆவணம் மன்ரோ கோட்பாட்டைப் பெயர் சொல்லி அழைத்து, மேற்கு அரைக்கோளத்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது.

படி 6: எல்லாம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த முகாம்கள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் பிரிகின்றன. அமெரிக்கா கிளம்பிவிட்டால், மற்ற நாடுகள் தாங்களாகவே சேர்ந்து வலிமையான அண்டை நாட்டைத் தடுக்குமா, தடுக்காதா?

தடுக்கும் என்று நம்பினால் நீங்கள் தன்னடக்க முகாம். பயந்து பணிந்துவிடும், அல்லது ஒன்றையொன்று சந்தேகித்து ஆயுதப் போட்டியில் இறங்கும் என்று நினைத்தால் நீங்கள் படை அங்கேயே இருக்க வேண்டும் என்ற முகாம். ஜனநாயகம், மதிப்பீடுகள், தலைமைப் பொறுப்பு என்று மேடையில் கேட்பவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சான்று இரு பக்கமும் இருக்கிறது. நெருங்கிப் பார்க்க இரண்டைத் தருகிறேன்.

ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று 1969-இல் நிக்சன் குவாம் தீவில் அறிவித்தார். 1971-இல் தென்கொரியாவிலிருந்து ஒரு முழுத் தரைப்படைப் பிரிவு வெளியேறியது. தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ என்ன செய்தார்? ரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்கா கண்டுபிடித்து, கடும் அழுத்தம் கொடுத்து 1970-களின் நடுவில் அதை நிறுத்தவைத்தது. படையைத் திரும்ப அழைத்தால் நண்பர்கள் அணுகுண்டு செய்வார்கள் என்பவர்களுக்கு இதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது.

மறுபக்கம் ஐரோப்பா. பல பத்தாண்டுகளாக அமெரிக்கா கெஞ்சியும் திட்டியும் ஐரோப்பியர்கள் ராணுவச் செலவைப் பெரிதாக உயர்த்தவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில் ஜெர்மனி 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை அறிவித்தது. பின்லாந்து 2023-லும் சுவீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தன. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள், 2035-க்குள் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் சேர்த்து உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் செலவிட ஒப்புக்கொண்டன. ஆபத்து நெருங்கி, அமெரிக்கா கைவிட்டுவிடுமோ என்ற பயமும் சேரும்போது நாடுகள் விழித்துக்கொள்கின்றன என்று தன்னடக்க முகாம் சொல்வதில் பொருள் இருக்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் தன்னடக்க முகாமின் வாதம் பலமாக நிற்கிறது. அங்கே பணமும் மக்கள்தொகையும் ரஷ்யாவைவிட அதிகம், ஒன்றாகச் செயல்படும் பழக்கமும் இருக்கிறது. கிழக்கு ஆசியாவில் அது தடுமாறுகிறது. ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே காலனியக் காலத்துக் காயம் ஆறவில்லை, நேட்டோ போன்ற ஓர் அமைப்பும் இல்லை. ஒரே வியூகத்தை உலகம் முழுவதற்கும் போட வேண்டும் என்ற பிடிவாதம்தான் இந்த விவாதத்தைக் கெடுக்கிறது.

படி 7: ஒரே பிரச்சினையை எல்லா முகாம்களிடமும் கொடுத்துப் பாருங்கள்

உக்ரைனை எடுத்துக்கொள்வோம். 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது. எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. தாராளவாதிக்கு அது ஒரு ஜனநாயகத்தின் உரிமை. முதன்மை முகாமுக்கு ரஷ்யாவைப் பலவீனமாக வைத்திருக்கும் வாய்ப்பு. தன்னடக்க முகாமுக்கு ரஷ்யாவைச் சீண்டிய பிழை. மியர்ஷைமர் 2014-லிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார். தேர்ந்தெடுத்த ஈடுபாட்டுக்காரர், ஐரோப்பா முக்கியம், ஆனால் உக்ரைனுக்காக அமெரிக்கப் படை இறங்கக் கூடாது என்பார்.

2022-க்குப் பிறகு பைடன் செய்ததை இதோடு ஒப்பிடுங்கள். ஜனநாயகத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் இடையிலான போர் என்று பேசினார். ஆயுதமும் பணமும் குவித்தார். ஆனால் ஒரு படைப்பிரிவையும் போருக்கு அனுப்பவில்லை, உக்ரைன் வானத்தைக் காக்கவும் மறுத்தார். பேச்சு இரண்டாவது முகாம். செயல் மூன்றாவது முகாம். ஹங்கேரியில் நடந்ததைப் போல, இங்கேயும் பேச்சுக்கும் செயலுக்கும் இடைவெளி இருந்தது. ஆனால் இம்முறை ஆயுதமாவது போய்ச் சேர்ந்தது.

அப்புறம் தைவானைக் கொடுத்துப் பாருங்கள். தன்னடக்க முகாமே இரண்டாக உடையும். உக்ரைன் விஷயத்தில் விலகச் சொல்லும் மியர்ஷைமர், சீனாவைக் கடுமையாகத் தடுக்கச் சொல்கிறார். ஆசியாவை ஒரே வல்லரசு ஆளக் கூடாது என்பதுதானே அவர் வியூகத்தின் வேர்! அதே முகாமில் வேறு சிலர், தைவானுக்காக அணு ஆயுத நாட்டோடு மோதுவது அறிவீனம் என்கிறார்கள்.

படி 8: செலவையும் தளங்களையும் பின்தொடருங்கள்

1986-இல் வந்த ஒரு சட்டப்படி அதிபர் தன் பாதுகாப்பு வியூகத்தை எழுத்தில் நாடாளுமன்றத்துக்குத் தர வேண்டும். அந்த ஆவணங்களைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். 2011-இல் ஒபாமா ஆசியா பக்கம் திரும்புவதாக அறிவித்தார். அதே ஆண்டு லிபியாவில் குண்டு வீசினார், அதன் பிறகு சிரியாவும் இராக்கும் இழுத்தன. 2000 தேர்தலில், பிற நாடுகளைக் கட்டியெழுப்பப் படையை அனுப்பமாட்டேன் என்ற இளைய புஷ் மூன்றே ஆண்டில் இராக்கில் அதைத்தான் செய்தார்.

வருடாந்திரப் பாதுகாப்புப் பட்ஜெட், படைகள் எங்கே நிற்கின்றன என்ற கணக்கு, செனட் வெளியுறவுக் குழுவின் விசாரணைகள், இந்த மூன்றும் பொதுவெளியில் கிடைக்கின்றன. 2024-இல் அமெரிக்க ராணுவச் செலவு ஏறத்தாழ 99,700 கோடி டாலர். உலக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஜப்பானில் 50,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், தென்கொரியாவில் சுமார் 28,500 பேர். இந்த எண்கள் இருக்கும்வரை, மேடையில் எவர் என்ன முழங்கினாலும், தன்னடக்கம் அமலுக்கு வந்துவிட்டது என்று எழுதுபவரை நம்பாதீர்கள்.

படி 9: இந்தியாவை இந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள்

1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்ததை நம்மில் பலர் அமெரிக்காவின் பகையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது சீனாவை. அடுத்த பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் போகவிருந்தார். அதற்குப் பாதை போட்டுத் தந்தது பாகிஸ்தான். தெற்காசியா அவர்களுக்கு வேறொரு கணக்கின் ஒரு வரி.

1992-இல் கசிந்த அந்த வரைவிலும் நாம் இருக்கிறோம். தெற்காசியாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் இந்தியா ஆதிக்கம் செலுத்த நினைத்தால் அதை ஊக்கப்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். 13 ஆண்டுகள் கழித்து, 2005-இல், அதே சிந்தனை மரபிலிருந்து வந்த புஷ் அரசு, இந்தியா பெரிய வல்லரசாக வளர உதவுவதே தன் நோக்கம் என்றது. அந்த ஜூலையில் அணுசக்தி உடன்பாட்டுக்கு வித்திட்டது. 2008-இல் அது கையெழுத்தானது. இடையில் வியூகம் மாறவில்லை. போட்டியாளர் உருவாகக் கூடாது என்ற நோக்கம் அப்படியே இருந்தது. அந்தப் போட்டியாளர் யார் என்ற கணிப்புதான் சீனாவின் பக்கம் திரும்பியது.